விளக்கைக் கரையில் வைத்துச் செல்க

அமெரிக்காவின் தென்கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஃபிளாரிடா தீபகற்பத்தின் வட பகுதியில், சுவானி நதியும் அதன் உபநதியாகிய சாந்தா ஃபே நதியும் காடுகளினூடே வளைந்து செல்லும் பிரதேசத்தில், பூமிக்கடியிலிருந்து இரவு பகல் ஓயாமல் பெருகி வருகின்ற நீரூற்றுக்கள் ஏராளமாக இருக்கின்றன. அங்குள்ள பாறை சுண்ணாம்புக் கல். மழை நீரானது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கிரகித்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, மனிதன் கணக்கிட்டுப் பழகாத காலமெல்லாம் அதைக் கரைத்துக் கரைத்து, கிளைகளும் உபகிளைகளுமாக மைல் கணக்கில் ஓடுகின்ற சுரங்க வழிகளை உண்டாக்கியிருக்கிறது. அவ்வழிகளை நிறைத்துக்கொண்டு, கோடை குளிர் என்ற பேதமின்றி ஏறக்குறைய 22 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்திலேயே நின்று, ஊற்றின் வாயில் வெளிப்படும் அந்த நீருக்குள்ள தெளிவை வர்ணிப்பது கடினம். வாயிலில் தலையை நுழைத்துப் பார்ப்பவனுக்கு நடுவே நீர் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோய், வெண்பாறைச் சுவர்களும் அவற்றுக்கப்பால் நீலம் கறுப்பாக மாறுகின்ற ஓர் அகன்ற வழியும் மட்டுமே தெரியும்.

உலகத்தில் எத்தனையோ ஸ்தலங்கள் மனிதனை அபாயத்துக்கு அழைக்கின்றன. மலையுச்சி தன் செங்குத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறது. கடல் தன் அலையோசையால் எச்சரிக்கிறது. ஜலக்குகை ஒன்றுதான் எவ்வித அச்சத்தையும் முன்கூட்டிக் கொடாமல், அமைதியும் சௌந்தரியமுமே உருவாக நின்று, உள்ளே வருமாறு அழைக்கின்றது. ஆகையால், இத்தகைய ஊற்றுக்களைச் சொந்தமாக வைத்திருப்போரும், அவற்றைக் காட்டிப் பணம் பெறுவோரும், குகைப் பயிற்சி பெறாத முக்குளிப்போரை உள்ளே செல்ல ஊக்குவிக்கலாமா என்ற கேள்வி வெறும் வியாபார விஷயமன்று. அக்கேள்விக்குச் சென்ற தலைமுறை ஒரு விடை கண்டது; அவ்விடையைக் காண அது கொடுத்த விலை மிகப் பெரிது.

தொடக்க காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை. 1935-இல் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்திலுள்ள வூக்கி ஹோல் குகையில், கிரகாம் பால்கோம்பும் அவருடைய தோழர்களும், அவர்களுள் ஒருவராகிய பெனலபி பவல் என்ற பெண்மணியும், செம்புத் தலைக்கவசமும் ஈயம் வைத்த காலணியும் பூண்டு, கரையிலிருந்து கைப்பம்பினால் அனுப்பப்பட்ட காற்றைக் குழாய் வழியே சுவாசித்துக்கொண்டு, குகையின் அடியில் நடந்து சென்றார்கள். ஏழாவது அறை வரையில் சென்றதே அக்காலத்தில் பெரிய சாதனையாயிற்று. அந்த உபகரணங்களைத் தேடுவதற்கே மாதக்கணக்கில் முயற்சி வேண்டும். அணிவிக்கவும் காற்றுச் செலுத்தவும் பலர் உடனிருக்க வேண்டும். ஆதலால் மனம்போன போக்கில் குகைக்குள் நுழைவது என்பது யாருக்கும் சாத்தியமாகவில்லை. கருவியின் பாரமே அக்குகைகளுக்குக் காவலாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காவலை நீக்கியது 1943-இல் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து அமைத்த அக்வாலங் என்னும் சுவாசக் கருவி. முதுகில் ஒரு சிலிண்டர், வாயில் ஒரு ரெகுலேட்டர், காலில் துடுப்பு, இவ்வளவே போதும். கரையிலிருக்கும் எவரையும் நம்பாமல் மனிதன் மீனைப்போல் திரியலானான். ஆயினும் அதே கூஸ்தோ, 1946-இல் தம் நண்பர் ஃபிரெடெரிக் துமாவுடன் தென் பிரான்ஸிலுள்ள வோக்லூஸ் ஊற்றின் ஆழத்தை அறியச் சென்றபோது, இருவரும் மயங்கி உயிரிழக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். சிலிண்டர்களை நிரப்பிய யந்திரத்தின் புகையே உள்ளே புகுந்து காற்றை விஷமாக்கியிருந்தது. மேலே காத்திருந்த தோழர் கயிற்றை இழுத்ததால் பிழைத்தார்கள். கருவியைக் கண்டுபிடித்தவரையே கொல்ல முற்பட்ட இடம் குகை என்பதை உலகம் அப்போதே குறித்துக்கொண்டிருக்கலாம். குறித்துக்கொள்ளவில்லை.

1950-களில் அக்வாலங் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஃபிளாரிடாவின் ஊற்றுக்களுக்கு வார இறுதி நாட்களில் வாகனங்கள் வரிசையாக வரத் தொடங்கின. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர். மாணவரும் போர்வீரரும் அவர்களுள் இருந்தனர். கடலில் முக்குளிக்கக் கற்றவர்கள், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், துணிவுக்குக் குறைவில்லாதவர்கள். அவர்களிடம் ஒரு சிலிண்டரும் ஒரு கை விளக்கும் இருந்தன. உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

அவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், நீந்தத் தெரிந்தவன் ஏன் இறக்கிறான் என்பதை அறியாதவருக்கு இவ்விஷயம் முழுவதுமே மிகைப்பட்ட அச்சமாகத் தோன்றக்கூடும். கடலில் எந்த ஆபத்து நேர்ந்தாலும் தலைக்கு மேல் ஆகாயம் இருக்கிறது. மேலே எழுந்தால் காற்று. குகையில் தலைக்கு மேல் பாறை. காற்றுக்குச் செல்லும் வழி, வந்த வழி ஒன்றே. அவ்வழியின் தரையிலும் விளிம்புகளிலும் மிக நுண்ணிய களிமண் படிந்திருக்கிறது. துடுப்பின் ஓர் அசைவு அதைக் கிளப்பிவிடும்; சுவாசக் குமிழிகள் மேற்பாறையில் மோதினால் அங்கிருந்தும் துகள்கள் உதிரும். நூறு அடி தூரம் கண்ணாடிபோல் தெரிந்த நீர், சில விநாடிகளில் தன் கையையே காணவொட்டாத சேறாகிவிடும். அப்போது விளக்கு இருந்தும் பயனில்லை. ஒளி கலங்கலில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். வந்தபோது ஒரே வழியாகத் தெரிந்தது, திரும்பும்போது இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்திருப்பது அப்பொழுதுதான் தெரியவரும். ஆழத்தில் நீரின் அழுத்தத்தினால் காற்று விரைவாகச் செலவாகிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் நான்கு மூச்சுக்குச் சமம். கரையில் ஒரு மணி நேரம் வரக்கூடிய சிலிண்டர் அங்கே கால்மணியில் காலியாகும். அச்சத்தினால் மூச்சு வேகமாகும்போது அந்தக் கால்மணியும் நிலைப்பதில்லை. அதற்கும் கீழே செல்பவருக்கு நைட்ரஜன் வாயுவே ஒருவகை மதுமயக்கத்தைத் தந்து, யோசனை செய்யும் சக்தியை மிகவும் தேவையான தருணத்தில் பறித்துக்கொள்கிறது.

இறந்தவர்களின் உடல்களை வெளியே கொண்டுவர வேண்டிய துக்ககரமான பணி, குகைக்குள் சென்று திரும்பப் பழகியிருந்த மிகச் சிலருடைய தலையில் விழுந்தது. அவர்களுள் முதல்வர் ஷெக் எக்ஸ்லி. 1966-இல், பதினாறு வயதில், குகைக்குள் முதன்முதலாக முக்குளித்தவர். பின்னர் சுவானி பிரதேசத்தில் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். கணித ஆசிரியருக்கு இயல்பான முறைப்படி அவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு மரணத்தையும் விதி என்றோ துரதிருஷ்டம் என்றோ விட்டுவிடாமல், சிலிண்டரில் எஞ்சிய காற்று எவ்வளவு, வழிகாட்டும் கயிறு இருந்ததா, எவ்வளவு ஆழத்தில் கிடந்தார், விளக்குகள் எத்தனை என்று ஆராய்ந்து எழுதினார். 1979-இல் வெளிவந்த அவருடைய சிறு நூல், அந்த மரணங்களையே பாடங்களாக வைத்து, உயிர் பிழைக்கும் முறையைப் போதிப்பது. வேறு எந்த விளையாட்டின் பால பாடமும் இவ்வாறு மரணச் செய்திகளாலேயே அமைந்ததாக நான் அறியேன்.

அவர் கண்ட காரணங்கள் ஆச்சரியப்படத்தக்க அளவு எளியவை. திறந்த நீரிலிருந்து தொடங்கி இடைவிடாமல் செல்லும் கயிறு ஒன்றை விரித்துக்கொண்டு போகாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை மிச்சம் வைக்காமை, மிகுதியான ஆழம். காற்றைப் பற்றிய விதி மூன்றிலொரு பங்கு விதி எனப்படும். 180 பார் அழுத்தத்தோடு புறப்படுபவன் 60 பார் செலவானதும், எவ்வளவு அழகிய அறை எதிரே தெரிந்தாலும், திரும்பியாக வேண்டும். 60 திரும்பி வருவதற்கு. மற்ற 60 தோழனுக்கு. குகையின் மிகத் தொலைவான இடத்தில் தோழனுடைய காற்று முற்றும் நின்றுபோனாலும், இருவரும் ஒருவனுடைய சிலிண்டரிலேயே வெளியேற அது போதும். இந்தக் கணக்கில் ஒரு தர்மம் இருக்கிறது. தன் முதுகில் சுமக்கும் காற்றில் ஒரு பங்கு தன்னுடையதன்று என்று ஒப்புக்கொண்ட பிறகே அங்கே ஒருவன் உள்ளே நுழைகிறான். பின்னாளில் விளக்கு மூன்று வேண்டும் என்பதும், எல்லாவற்றுக்கும் முன்னதாகக் குகைக்கென்றே பயிற்சி வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டன. 1968-இல் ஃபிளாரிடாவில் குகை முக்குளிப்போரின் தேசிய சங்கம் தோன்றிற்று. சில ஆண்டுகளில் தேசியக் குகையாய்வுக் கழகத்தின் கீழும் ஒரு பிரிவு எழுந்தது. பயிற்சிக்கு முறையும், பயின்றவருக்கு அத்தாட்சியும் அமைந்தன.

எக்ஸ்லி 1994-இல் மெக்ஸிகோவின் ஸகதோன் என்னும் ஆழ்கிணற்றில், முந்நூறு மீட்டர் ஆழத்தை நாடிச் சென்றபோது இறந்தார். பயிற்சியும் காப்பாற்றாது என்பதற்கு இதைச் சாட்சியாகக் கூறுவோர் உண்டு. அவர் இறந்தது மனிதர் எவரும் அறிந்திராத எல்லையில், அதன் அபாயத்தை முற்றும் உணர்ந்த நிலையில். ஊற்றின் வாயிலிலிருந்து சிறு தூரத்தில், தாம் எங்கே வந்திருக்கிறோம் என்பதையே அறியாமல் இறந்த இளைஞர்களின் கதையோடு அதைச் சேர்த்துப் பேசுவது நியாயமாகாது.

ஏறக்குறைய இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் இதே துயரம் நிகழ்ந்தது. மவுண்ட் காம்பியர் நகரைச் சுற்றிலும் சுண்ணாம்புக் கல் நிலம். மேய்ச்சல் புல்வெளிகளின் நடுவே தெளிந்த நீர் நிறைந்த பள்ளங்கள். அவற்றுள் ஷாஃப்ட் எனப்படுவது 1938-இல் ஒரு குதிரையின் கால் இடறியதால் வெளிப்பட்டது. தரையில் ஒரு மீட்டர் அகலமே உள்ள துவாரம். அதன் கீழேயோ நூறு மீட்டருக்கும் மேற்பட்டு இறங்குகின்ற பிரம்மாண்டமான நீர்மண்டபம். 1973 மே மாதத்தில் அதனுள் இறங்கிய ஒன்பது பேரில் நால்வர் ஆழத்து மயக்கத்திலும் இருளிலும் வழி தவறித் திரும்பவில்லை. 1969-க்கும் 1974-க்கும் இடையில் அந்தச் சிறு வட்டாரத்தில் மட்டும் பதினோரு பேர் மாண்டார்கள். சர்க்கார் எல்லாப் பள்ளங்களையும் மூடிவிடும் என்ற நிலை வந்தபோது, 1973-இல் முக்குளிப்போர் தாமே கூடி ஒரு குகை முக்குளிப்போர் சங்கத்தை நிறுவி, பள்ளங்களை அபாயத்துக்குத் தக்கவாறு வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் பரீட்சை வைத்தார்கள். நிலத்தின் சொந்தக்காரர்களும், சங்கத்தின் அத்தாட்சி இல்லாதவருக்கு வேலிக் கதவைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கதவைத் திறக்கும் உரிமை உள்ளவனே காவலனும் ஆனான். மரணங்கள் முற்றிலும் ஒழிந்தன என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் இளைஞர்கள் மடிந்த அந்தப் பேரழிவு நின்றது.

கதவும் கம்பியும் மட்டும் போதுமா என்று கேட்பவருக்கு டெக்ஸஸ் மாகாணத்தின் ஜேக்கப்ஸ் வெல் என்னும் ஊற்றின் கதையைச் சொல்லலாம். பல முக்குளிப்போரை விழுங்கிய அந்தக் குகையின் உட்புறக் குறுகலான வழியை 1980-இல் இரும்புக் கம்பிகளும் சிமெண்டும் கொண்டு அடைத்தார்கள். சில மாதங்களுக்குள் யாரோ அதைப் பெயர்த்து எறிந்துவிட்டு, தங்களை யாராலும் தடுக்க முடியாது என்று ஒரு பலகையில் எழுதி வைத்துப் போயிருந்தார்கள். இளமையின் பிடிவாதத்தை இரும்பு வெல்வதில்லை. அந்த ஊற்று தனக்குக் கதவைச் செய்துகொண்டது. பயிற்சி என்ற மற்றொரு வாயிலைத் திறந்து வைக்கவில்லை.

ஃபிளாரிடாவின் சாந்தா ஃபே நதிக்கரையிலுள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கண்ட வழியே எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அது தனியார் இடம். வருகின்ற மக்களால் பிழைப்பது. அங்கே ஜின்னி ஊற்றின் அடியில் பால்ரூம் என்று பெயர் பெற்ற விசாலமான ஓர் அறை இருக்கிறது. தரை மணலும் பாறையும் ஆனதால் எளிதில் கலங்குவதில்லை. வாயிலின் வெளிச்சம் உள்ளிருந்து தெரியும். அந்த அறைக்கு அப்பால் உயிர் பறிக்கும் குறுகிய வழி தொடங்குமிடத்தில் கனத்த இரும்புக் கிராதி பொருத்தியிருக்கிறார்கள். அதன் வழியே ஊற்றின் நீர் சீறிப் பாய்கிறது. முக்குளிப்பவன் அதைப் பற்றிக்கொண்டு பூமியின் வலிமையை முகத்தில் உணரலாம், மேலே செல்ல முடியாது. ஆகவே அந்த அறைக்குள் சாதாரணப் பயிற்சி உள்ளவரும் விளக்கோடு செல்ல அனுமதி உண்டு.

சற்றுத் தொலைவில் உள்ள டெவில்ஸ் ஐ, டெவில்ஸ் இயர் என்னும் வாயில்களோ ஆயிரக்கணக்கான அடி நீண்ட பெருங்குகையின் வாயில்கள். அவற்றை அடைக்கவில்லை. அங்கே விதி ஒன்றுதான்: குகைப் பயிற்சியின் அத்தாட்சி இல்லாதவன் கையில் விளக்கு இருக்கக் கூடாது. அவன் ஊற்றில் நீந்தலாம், மீனைப் பார்க்கலாம், வாயிலின் நீல ஒளியில் மிதக்கலாம். விளக்கு மட்டும் கரையில் இருக்க வேண்டும். முதலில் கேட்பவருக்கு இது விபரீதமாகப் படும். இருட்டுக்கருகே போகிறவனிடமிருந்து விளக்கைப் பறிப்பதா? சிந்தித்தால் உண்மை விளங்கும். பயிற்சியில்லாத மனிதனை இயற்கையின் இருட்டே ஓர் எல்லையில் நிறுத்திவிடுகிறது. அவ்வெல்லையை அழிப்பது கையிலுள்ள விளக்கு. விளக்கிருந்தால் இன்னும் பத்தடி, அதற்கப்பால் அந்த வளைவு வரையில், வளைவுக்கப்பால் என்ன என்று பார்க்கும் வரையில். காவலாள் தேவையில்லாத, பெயர்த்தெறிய முடியாத கதவு ஒன்றை அந்த இருட்டில் கண்டுகொண்டவர்களின் அறிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இந்த வழக்கம் வட ஃபிளாரிடாவின் வேறு பல ஊற்றுக்களுக்கும் பரவியது.

அக்குகைகளுள் வெளிச்சம் மங்குமிடத்தில், அரிவாள் ஏந்திய எலும்புருவம் எழுதிய பலகை ஒன்று நிற்கின்றது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இத்தகைய குகைகளில் இறந்திருக்கிறார்கள் என்றும், அவர்களுள் முக்குளிப்புப் போதகர்களும் அடங்குவர் என்றும் அது அறிவிக்கிறது. போதகர்களைக் குறிப்பிட்டது வெறும் அச்சுறுத்தலுக்காக அல்ல. பிறருக்குக் கடலில் கற்றுக்கொடுக்கும் அளவு தேர்ந்தவர்களே, அந்தத் தேர்ச்சி இங்கேயும் செல்லுபடியாகும் என்று எண்ணி, சில சமயம் மாணவரையும் பின்னால் அழைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். என்னை நம்பி வா என்று முன்னே செல்பவன் சொல்வதும், நம்பிச் செல்வதும், கரையில் அழகிய காரியம்; கலங்கிய நீரில் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் மறைந்த பிறகு, நம்பினவனிடம் கயிறும் இல்லை, கணக்கும் இல்லை.

2018-ஆம் ஆண்டு ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் நிகழ்ந்ததை நம்மவர் யாவரும் பத்திரிகைகளில் படித்தோம். வெள்ளத்தால் அடைபட்ட பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் மீட்க, பால்கோம்ப் தொடங்கிய ஆங்கில மரபில் வந்த ரிச்சர்ட் ஸ்டாண்டனும் ஜான் வோலாந்தனும், தென் ஆஸ்திரேலியாவிலிருந்து மயக்க மருத்துவராகிய ரிச்சர்ட் ஹாரிஸும் சென்றார்கள். தாய்லாந்துக் கடற்படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சமான் குனான் என்ற வீரர், காற்றுச் சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புகையில் உயிர் நீத்தார். அச்சிறுவர்களுக்கு முக்குளிப்பைக் கற்றுக்கொடுத்து விழிப்போடு அழைத்து வருவதென்ற யோசனையை, உலகத்திலேயே மிகச் சிறந்த குகை முக்குளிப்போர் ஏற்கவில்லை. முகமுழுதும் மூடும் கவசம் அணிவித்து, கெட்டமின் மருந்தினால் நினைவிழக்கச் செய்து, கைகளைக் கட்டி, ஒவ்வொருவராகச் சுமந்து வந்தார்கள். பழக்கமில்லாத ஒருவன் அந்த இருட்டில் விழிப்போடிருந்து பதறினால், அவனும் அவனை அழைத்து வருபவனும் சேர்ந்தே மடிய நேரும் என்பது அவர்களுடைய கணிப்பு. வேறு கதியில்லாத நிர்ப்பந்தத்தில் அவர்கள் செய்ய அஞ்சியதை, விடுமுறைப் பொழுதுபோக்காக விலைக்கு விற்பது எப்படித் தகும்?

இதற்கு மறுமொழியாக மெக்ஸிகோவின் யுகடான் பிரதேசத்தைக் காட்டுவார்கள். அங்கே செனோட்டே எனப்படும் சுண்ணாம்புக் கிணறுகளில், குகைப் பயிற்சி இல்லாத யாத்திரிகர்களை நாள்தோறும் அழைத்துச் செல்கிறார்கள். பெரும்பாலோர் க்ஷேமமாகவே திரும்புகிறார்கள். உண்மை, ஆனால் அங்கே வழங்கும் நெறிமுறையைப் பார்க்க வேண்டும். அழைத்துச் செல்பவர் முழுக் குகைப் பயிற்சி பெற்றவராக, அதற்குரிய உபகரணம் முழுவதும் பூண்டவராக இருக்க வேண்டும். உடன் செல்வோர் நால்வருக்கு மேற்படக் கூடாது. பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டக் கூடாது. நிரந்தரமாகக் கட்டிய கயிற்றை விட்டு விலகக் கூடாது. காற்றின் மூன்றிலொரு பங்கு விதி எல்லோருக்கும் உண்டு. இவற்றின் அடிப்படை, எக்ஸ்லி இறந்தவர்களிடமிருந்து எடுத்து எழுதிய விதிகளே. இவற்றை ஒன்றுவிடாமல் கைக்கொள்ளும் இடத்தை நான் குறை கூறமாட்டேன். அங்கே பயிற்சியில்லாதவன் காண்பது குகையின் முற்றமே. நான்கு ஐந்தாகி, ஐந்து எட்டாகி, வெளிச்சத்தின் எல்லை வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு இணங்க நகரத் தொடங்கும் இடங்களைத்தான் கண்டிக்கிறேன். போட்டி மிகுந்த தொழிலில் அந்த நகர்வு எவ்வளவு எளிது என்பதையும் அறிவேன்.

ஆகையினால் ஊற்றுக்களின் சொந்தக்காரர்களிடமும் முக்குளிப்பு நிலையங்களை நடத்துவோரிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எலும்புருவம் எழுதிய அந்தப் பலகை இப்போது நீரின் அடியில், உள்ளே செல்வதென்று மனம் துணிந்துவிட்டவன் எதிரே நிற்கிறது. குகையின் நடுவே ஒளி வீசும் விளக்கோடு ஒருவன் மிதக்கும் கவர்ச்சிகரமான படமோ, கரையில், அனுமதிச் சீட்டு விற்கும் சாளரத்தின் மேல் தொங்கக்கூடும். படத்தைக் கழற்றிவிட்டுப் பலகையின் பிரதி ஒன்றை அங்கே மாட்டி, சீட்டுக் கொடுப்பவர் முதலில் குகை அத்தாட்சியைக் கேட்டு, அது இல்லாதவரிடம் விளக்கை வாங்கி, பெயரெழுதிய சீட்டோடு மேசைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது கொடுக்கட்டும். அதே சாளரத்தில், குகைப் பயிற்சி எங்கே, எத்தனை நாள், யாரிடம் பெறலாம் என்ற விவரமும் இருக்கட்டும்.